பெரோவுக்காகத் தெருவில் நின்றவர்கள்

1992 பிப்ரவரி 20 அன்று இரவு சி.என்.என்.னில் லாரி கிங் நிகழ்ச்சி. விருந்தாளி, டல்லஸைச் சேர்ந்த ராஸ் பெரோ என்ற கோடீஸ்வரர். அமெரிக்க அதிபர் தேர்தலில் நிற்பீர்களா என்று லாரி கிங் ஆரம்பத்திலேயே கேட்டுவிட்டார். மாட்டேன் என்றார் பெரோ. லாரி கிங்கும் விடவில்லை, சுற்றி வளைத்துத் திரும்பத் திரும்ப அதே இடத்துக்கே வந்தார். நிகழ்ச்சி முடியப்போகிற நேரத்தில் பெரோ ஒரு நிபந்தனை போட்டார். சாதாரண மக்கள் தாங்களாகவே கிளம்பிப்போய் ஐம்பது மாநிலங்களிலும் என் பெயரை ஓட்டுச்சீட்டில் ஏற்றிக் கொடுக்கட்டும், ஒன்றிரண்டு மாநிலம் போதாது, ஐம்பதும் வேண்டும், அப்படிச் செய்தால் நிற்கிறேன் என்றார்.

டெக்சர்கானாவில் பிறந்து, கடற்படையில் இருந்து, ஐ.பி.எம்.மில் விற்பனையாளராக வேலை பார்த்து, 1962இல் ஆயிரம் டாலரில் ஈ.டி.எஸ். என்ற கணினிச் சேவை நிறுவனத்தைத் தொடங்கி, 1984இல் அதை ஜெனரல் மோட்டார்ஸுக்கு 250 கோடி டாலருக்கு விற்றவர் அவர். வார்டு கவுன்சிலராகக்கூட இருந்ததில்லை. குட்டையான உருவம், கீச்சுக் குரல், வெட்டு ஒன்று துண்டு இரண்டு என்கிற பேச்சு. நாட்டின் கடன் 4 லட்சம் கோடி டாலரைத் தொட்டுக்கொண்டிருக்கிறது, இரண்டு கட்சிக்காரர்களும் அதைப் பற்றி வாயைத் திறக்க மாட்டேன் என்கிறார்கள் என்பதுதான் அவருடைய முதல் புகார்.

அவர் போட்ட நிபந்தனை எவ்வளவு பெரியது என்பது வெளியே இருந்து பார்த்தால் தெரியாது. நம்ம ஊரில் சுயேச்சையாக நிற்பவர் டெபாசிட் கட்டுகிறார், முன்மொழிய ஆள் பிடிக்கிறார், மனுவைக் கொடுக்கிறார், பரிசீலனை முடிந்ததும் சின்னம் வாங்கிக்கொண்டு பிரசாரத்துக்குப் போய்விடுகிறார். எல்லாத் தொகுதிக்கும் ஒரே சட்டம். அமெரிக்காவில் அதிபர் தேர்தல் என்பது ஒரு தேர்தலே இல்லை. ஐம்பது மாநிலங்களும் தலைநகர் வாஷிங்டனும் தனித்தனியாக நடத்துகிற ஐம்பத்தொரு தேர்தல்கள் அவை. ஓட்டுச்சீட்டை அச்சடிப்பது மாநிலம், அதில் யார் பெயர் வரலாம் என்று சட்டம் போடுவது மாநிலச் சட்டமன்றம், அந்தச் சட்டமன்றங்களில் உட்கார்ந்திருப்பவர்களோ கிட்டத்தட்ட எல்லோருமே அந்த இரண்டு கட்சிக்காரர்கள். ஜனநாயகக் கட்சிக்கும் குடியரசுக் கட்சிக்கும் இடம் தானாகவே கிடைத்துவிடும். மற்றவர்கள் ஒவ்வொரு மாநிலத்திலும் அடியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். ஓரிடத்தில் சில நூறு கையெழுத்து, பக்கத்து மாநிலத்தில் பல பத்தாயிரம். ஓரிடத்தில் ஆகஸ்ட் வரை நேரம், இன்னோரிடத்தில் மே மாதமே கதவு சாத்திவிடும்.

டெக்சஸின் கணக்கைப் பாருங்கள். போன அதிபர் தேர்தலில் அந்த மாநிலத்தில் பதிவான மொத்த ஓட்டில் 1 சதவீதம் பேருடைய கையெழுத்து வேண்டும். 1992இல் அது 54,275. மார்ச் 10ஆம் தேதி பிரைமரி, அதாவது கட்சிகளின் உட்தேர்தல், முடிகிற வரை ஒரு கையெழுத்துகூட வாங்கக் கூடாது. மே 11க்குள் கொண்டுவந்து கொடுத்துவிட வேண்டும். நடுவில் இருப்பது இரண்டே மாதம். போதாக்குறைக்கு, அந்தப் பிரைமரியில் எந்தக் கட்சிக்காவது ஓட்டுப் போட்டவர் மனுவில் கையெழுத்துப் போட முடியாது. தேர்தலில் அக்கறை உள்ளவர்கள் பாதிப் பேர் இதிலேயே கழிந்துவிடுவார்கள். யார் போட்டார், யார் போடவில்லை என்பது நெற்றியில் எழுதி ஒட்டியிருக்காது, ஒவ்வொருவரையும் நிறுத்திக் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

அந்த நிகழ்ச்சி முடிந்ததிலிருந்து டல்லஸில் பெரோவின் அலுவலகத்துக்கு வந்த தொலைபேசி அழைப்புகளுக்கு ஓய்வே இல்லை. நான் என்ன செய்யணும், மனுத்தாள் எங்கே கிடைக்கும் என்று முன்பின் தெரியாத ஜனங்கள் கேட்டார்கள். ஓய்வு பெற்றவர்கள், வேலை இழந்தவர்கள், சின்னச் சின்னக் கடை வைத்திருப்பவர்கள், அதுவரை எந்தக் கட்சிக் கூட்டத்துக்கும் போகாதவர்கள். மடக்கு மேசையைப் போட்டுக்கொண்டு மால் வாசலிலும் கார் நிறுத்துமிடத்திலும் திருவிழாக்களிலும் நின்றார்கள். மே 11 அன்று டெக்சஸில் அவர்கள் கொண்டுபோய்க் கொடுத்தது இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கையெழுத்துகள். கேட்டது 54,275. அமெரிக்க அரசியலில் எனக்கு ரொம்பப் பிடித்த காட்சிகளில் இது ஒன்று. பெரோவை அல்ல, இந்த ஜனங்களைச் சொல்கிறேன்.

இந்த வேலையைக் கொஞ்சம் பக்கத்திலிருந்து பார்க்க எனக்கு 2024 வசந்தத்தில்தான் வாய்த்தது. டல்லஸுக்கு வடக்கே இருக்கிற எங்கள் ஊர் நூலகத்துக்கு வெளியே ஒரு அம்மாள் கிளிப்போர்டோடு நின்றிருந்தார், ராபர்ட் கென்னடி ஜூனியரை டெக்சஸ் ஓட்டுச்சீட்டில் ஏற்றுவதற்கான மனு. அறுபது வயதுக்கு மேல் இருக்கும், தலையில் அகலமான தொப்பி, காலடியில் தண்ணீர் கேன். உள்ளே போகிற ஒவ்வொருவரிடமும் அவர் கேட்ட முதல் கேள்வி பெயரோ கட்சியோ இல்லை. “மார்ச் மாதம் பிரைமரியில் ஓட்டுப் போட்டீங்களா?” என்பதுதான். ஆமாம் என்றால் சிரித்து நன்றி சொல்லி அனுப்பிவிடுவார். நான் போட்டிருந்தேன். தடுப்பூசி பற்றிக் கென்னடி பேசுகிற எதிலும் எனக்குத் துளி உடன்பாடு கிடையாது, அவருக்கு ஓட்டுப் போடும் எண்ணமும் இருக்கவில்லை. ஆனாலும் அவர் பெயர் சீட்டில் இருக்கட்டும், வேண்டுமா வேண்டாமா என்பதை ஜனங்கள் சொல்லட்டும் என்று கையெழுத்துப் போட மனசு இருந்தது. சட்டம் விடவில்லை.

ஒதுங்கி நின்று கொஞ்ச நேரம் பார்த்தேன். இல்லை என்று சொன்ன ஒருவருக்கு அவர் முதலில் தாளில் அச்சடித்திருந்த உறுதிமொழியைச் சத்தமாகப் படித்துக் காட்டினார், அது டெக்சஸ் சட்டப்படி கட்டாயம். இந்த மனுவின் நோக்கம் எனக்குத் தெரியும், இந்த ஆண்டு பிரைமரியில் நான் ஓட்டுப் போடவில்லை என்கிற மாதிரியான வாசகம். அப்புறம்தான் பேனா. பெயரைத் தெளிவாக எழுத வேண்டும், வீட்டு முகவரி, கவுண்டியின் (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) பெயர், பிறந்த தேதி அல்லது வாக்காளர் எண், கையெழுத்து, போட்ட தேதி. ஒருவர் கவுண்டி கட்டத்தில் ஊர்ப் பெயரை எழுதிவிட்டார், அந்த அம்மாள் பதறிப்போய்த் திருத்தச் சொன்னார். வீடு மாறிய பிறகு வாக்காளர் பதிவை மாற்றாத இன்னொருவரிடம், பழைய முகவரியா புதியதா என்று ரொம்ப நேரம் பேசிக்கொண்டிருந்தார். தாள் நிறைந்ததும் அவ்வளவுதான் என்று இல்லை. இத்தனை பேரும் என் கண்ணெதிரே கையெழுத்துப் போட்டார்கள் என்று அவர் நோட்டரி முன்னால் உறுதி கொடுக்க வேண்டும். அந்த முத்திரை இல்லாவிட்டால் தாள் செல்லாது. அந்த ஆண்டு டெக்சஸுக்குத் தேவையான எண்ணிக்கை 113,151. நான் நின்ற நேரத்தில் ஒரு தாள்கூட நிறையவில்லை.

இப்போது மறுபடியும் 1992. பல மாநிலங்களில் அதிபர் வேட்பாளர் பெயரோடு துணை அதிபர் வேட்பாளர் பெயரும் இல்லாவிட்டால் மனுவையே வாங்க மாட்டார்கள். மார்ச் மாதத்தில் பெரோவுக்குத் துணை அதிபரைப் பற்றி யோசிக்க நேரமும் இல்லை, ஆளும் இல்லை. பழைய நண்பர் ஜேம்ஸ் ஸ்டாக்டேலைக் கூப்பிட்டுத் தற்காலிகமாக உங்கள் பெயரைப் போட்டுக்கொள்கிறேன், அப்புறம் மாற்றிவிடலாம் என்றார். ஸ்டாக்டேல் யார் என்றால், 1965இல் வியட்நாமில் சுட்டு வீழ்த்தப்பட்டு ஏழு வருடங்களுக்கும் மேல் ஹனோய் சிறையில் சித்திரவதை அனுபவித்த கடற்படை அதிகாரி. தன்னைப் பிரசாரப் படத்தில் காட்டிவிடக் கூடாது என்பதற்காகத் தன் முகத்தைத் தானே அடித்துக் காயப்படுத்திக்கொண்ட மனிதர். கிரேக்கத் தத்துவத்தில் ஊறியவர். நாட்டின் மிக உயர்ந்த ராணுவப் பதக்கம் வாங்கியவர். நண்பருக்காகச் சரி என்றார்.

ஜூன் மாதம் வந்தபோது கேலப் கருத்துக்கணிப்பில் பெரோவுக்கு 39 சதவீதம். பதவியில் இருந்த புஷ் 31, கிளிண்டன் 25. எந்தக் கட்சியும் இல்லாத ஒருவர் முதலிடத்தில் நின்றார், அந்த இடத்துக்கு அவரைத் தூக்கிக்கொண்டு வந்தது மேசை போட்டு நின்ற ஜனங்கள். ஆனால் அப்போதே டல்லஸ் தலைமையகத்தில் சம்பளத்துக்கு வந்த அரசியல் நிபுணர்களுக்கும் பெரோவுக்கும் ஒத்துப்போகவில்லை. ஜூலை 16ஆம் தேதி, ஜனநாயகக் கட்சி மாநாட்டின் கடைசி நாளன்று, போட்டியிலிருந்து விலகுகிறேன் என்று அறிவித்துவிட்டார். காரணம் அன்றைக்கு ஒன்று சொன்னார், அக்டோபரில் வேறொன்று சொன்னார். எதுவும் எனக்கு இன்று வரை சமாதானமாக இல்லை. பல மாநிலங்களில் மனு வேலை பாதியில் கிடந்தது. தன்னை நம்பி மாதக்கணக்கில் வெயிலில் நின்றவர்களை அவர் நட்டாற்றில் விட்டார், இதற்கு மழுப்பலான வார்த்தை தேடத் தேவையில்லை. அழுதவர்கள் உண்டு, ஸ்டிக்கரைக் கிழித்துப் போட்டவர்கள் உண்டு.

இதற்கு அப்புறம் நடந்ததுதான் என்னை இந்தக் கதையை விடாமல் பிடித்துக்கொள்ள வைத்தது. நிறையப் பேர் வேலையை நிறுத்தவில்லை. வேட்பாளர் இல்லை, ஆனால் வேட்பாளருக்காகக் கையெழுத்து வாங்குகிறார்கள். பெரோவும் அலுவலகச் செலவுக்குப் பணம் கொடுத்துக்கொண்டே இருந்தார். அவரை மறுபடியும் வரவைப்போம் என்றவர்கள் இருந்தார்கள், அவர் வராவிட்டாலும் பரவாயில்லை, இரண்டு பெயருக்குப் பக்கத்தில் மூன்றாவதாக ஒரு பெயர் எங்கள் மாநிலச் சீட்டில் இருந்தாக வேண்டும் என்றவர்களும் இருந்தார்கள். செப்டம்பர் 18 அன்று அரிசோனாவில் இடம் கிடைத்தது. அது ஐம்பதாவது மாநிலம். பிப்ரவரியில் அவர் போட்ட நிபந்தனையை, அவர் போட்டியிலேயே இல்லாத நேரத்தில், ஜனங்கள் நிறைவேற்றிக் காட்டினார்கள். அக்டோபர் 1ஆம் தேதி அவர் திரும்பி வந்தார்.

அதற்குள் துணை அதிபர் பெயரை மாற்ற நேரம் போய்விட்டது. தற்காலிகம் என்று சொல்லிச் சேர்த்த ஸ்டாக்டேலின் பெயர் சீட்டில் அப்படியே நின்றது. அக்டோபர் 13 அன்று அட்லாண்டாவில் மற்ற இரண்டு துணை அதிபர் வேட்பாளர்களான அல் கோருக்கும் டான் குவேலுக்கும் நடுவே, தொலைக்காட்சி விவாத மேடையில் அறுபத்தெட்டு வயதான அந்த மனிதரைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். தயாராவதற்கு அவருக்குக் கிடைத்தது சில நாட்கள். “நான் யார்? நான் ஏன் இங்கே இருக்கிறேன்?” என்று ஆரம்பித்தார். ஒரு தத்துவ ஆசிரியர் கேட்கிற கேள்வி அது, பதிலையும் சொல்லத்தான் வந்தார். அரங்கம் சிரித்தது. நடுவில் ஒருமுறை காது கேட்கும் கருவி அணைந்திருந்ததால் கேள்வியைத் திரும்பக் கேட்கச் சொன்னார். அடுத்த வாரங்களில் நாடு முழுக்க நகைச்சுவை நிகழ்ச்சிகளில் அவர் கேலிப்பொருள். ஏழு வருடச் சிறையில் உடையாத ஒருவருக்கு இந்த அவமானம் வந்ததற்கு மூல காரணம் ஓட்டுச்சீட்டுச் சட்டத்தின் ஒரு விதி, மனுவோடு துணைப் பெயர் வேண்டும் என்ற விதி. அந்த விவாதத்தின் பதிவை இப்போது பார்த்தாலும் எனக்கு மனசு கனக்கிறது.

நவம்பரில் பெரோ வாங்கியது 1 கோடியே 97 லட்சம் ஓட்டு, 18.9 சதவீதம். மேய்ன் மாநிலத்தில் புஷ்ஷைத் தாண்டி இரண்டாமிடம், யூட்டாவில் கிளிண்டனைத் தாண்டி இரண்டாமிடம். மாநிலம் வாரியாகக் கணக்கிட்டு அதிபரை முடிவு செய்கிற எலெக்டர் ஓட்டு ஒன்றுகூட இல்லை. அவரால்தான் புஷ் தோற்றார் என்று இன்றும் சொல்கிறார்கள். ஆனால் அன்றைக்குப் பெரோவுக்கு ஓட்டுப் போட்டு வெளியே வந்தவர்களிடம் கேட்டபோது, பெரோ இல்லாவிட்டால் புஷ்ஷுக்கு என்றவர்கள் 38 சதவீதம், கிளிண்டனுக்கு என்றவர்களும் 38 சதவீதம்.

சரி, இந்தச் சுவரை யார் எப்போது கட்டினார்கள்? அமெரிக்கா பிறந்து ரொம்ப காலத்துக்கு அரசு ஓட்டுச்சீட்டு என்று ஒன்றே கிடையாது. கட்சிகளே சீட்டை அச்சடித்துக் கொடுக்கும், வாக்காளர் அதைக் கொண்டுபோய்ப் பெட்டியில் போடுவார். யார் எந்தக் கலர் சீட்டு வைத்திருக்கிறார் என்று தெரு முழுக்கத் தெரியும், மிரட்டலுக்கும் காசுக்கும் பஞ்சமில்லை. 1888இல் மாசசூசெட்ஸ் ஆஸ்திரேலிய முறையைக் கொண்டுவந்தது, அரசே அச்சடித்த சீட்டு, மறைவாக ஓட்டு. மற்ற மாநிலங்களும் சில ஆண்டுகளில் மாறின. நல்ல சீர்திருத்தம்தான். ஆனால் அரசு அச்சடிக்கிறது என்றால் யார் பெயரை அச்சடிப்பது என்று அரசு முடிவு செய்தாக வேண்டும், கதவும் காவலும் அங்கேதான் வந்தன. ஆரம்பத்தில் கதவு அகலமாகவே இருந்தது. 1924இல் மூன்றாவது ஆளாக அதிபர் பதவிக்கு நின்ற விஸ்கான்சினின் ராபர்ட் லா ஃபாலெட் அன்றிருந்த 48 மாநிலங்களில் லூயிசியானா தவிர எல்லாவற்றிலும் இடம் பிடித்தார். கலிஃபோர்னியாவில் சுயேச்சையாக நிற்க விடவில்லை என்று சோஷலிஸ்ட் கட்சிப் பெயரில் நிற்க வேண்டி வந்தது என்பது வேறு விஷயம். அப்புறம் கம்யூனிஸ்ட் பயம், மூன்றாவது ஆள் ஓட்டைப் பிரித்துவிடுவார் என்ற பயம், இரண்டும் சேர்ந்து ஒவ்வொரு மாநிலமாகக் கதவை ஒடுக்கின.

எவ்வளவு ஒடுக்கினார்கள் என்பதற்கு ஒஹையோ போதும். 1968இல் புதுக் கட்சிக்கு அங்கே 433,100 கையெழுத்து வேண்டும், அதுவும் பிப்ரவரி ஆரம்பத்திலேயே, மற்ற கட்சிகள் வேட்பாளரைத் தேர்ந்தெடுப்பதற்குப் பல மாதம் முன்பே. புதுக் கட்சிப் பெயரில் அதிபர் பதவிக்கு நின்ற அலபாமாவின் ஜார்ஜ் வாலஸ் நான்கரை லட்சத்துக்கு மேல் வாங்கினார், ஆனால் கெடு முடிந்த பிறகு. வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. அக்டோபர் நடுவில், தேர்தலுக்கு மூன்று வாரம் இருக்கும்போது, ஒஹையோவின் சட்டம் செல்லாது, வாலஸின் பெயரைச் சேர் என்று தீர்ப்பு வந்தது. வாலஸ் கறுப்பின மக்களைப் பிரித்து வைப்பதையே அரசியலாகக் கொண்டவர். அவருடைய அரசியலை நினைத்தாலே எனக்குக் கசக்கிறது. ஆனால் அந்தத் தீர்ப்பு இல்லாமல் 1980இல் ஜான் ஆண்டர்சனுக்கும் 1992இல் பெரோவுக்கும் இவ்வளவு தூரம் வழி திறந்திருக்காது. எனக்குப் பிடித்தவருக்கு மட்டும் திறக்கிற கதவு எனக்கு வேண்டாம் என்று நான் சொல்வது இந்தக் கதையைப் படித்ததிலிருந்துதான். ஆண்டர்சனுக்கும் அதே ஒஹையோவில்தான் இடைஞ்சல், மார்ச் 20க்குள் மனு என்றார்கள், அவர் சுயேச்சையாக நிற்பதாக அறிவித்ததே ஏப்ரலில். கோர்ட் உத்தரவோடு சீட்டில் ஏறினார், உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் நியாயம் என்று ஐந்துக்கு நான்கு என்று சொன்னது 1983இல், ரீகன் பதவிக்கு வந்து இரண்டு வருடம் கழிந்த பிறகு.

கையெழுத்து வாங்குவது பாதி வேலைதான், வாங்கியதைக் காப்பாற்றுவது மீதிப் பாதி. நுகர்வோர் உரிமைக்காகப் போராடிப் பெயர் வாங்கிய ரால்ஃப் நேடருக்கு 2004இல் நடந்ததைச் சொல்ல வேண்டும். 2000இல் ஃபுளோரிடாவில் புஷ்ஷின் மகன் 537 ஓட்டில் ஜெயித்தார், நேடர் அங்கே வாங்கியது 97,488. ஜனநாயகக் கட்சிக்காரர்கள் அதை மறக்கவில்லை. நான்கு வருடம் கழித்து அவர் மறுபடி கிளம்பியபோது மாநிலம் மாநிலமாக மனுவை எதிர்த்து வழக்குப் போட்டார்கள். ஓரிகனில் ஒரே அரங்கில் ஒரே நாளில் ஆயிரம் வாக்காளர்களைக் கூட்டிக் கையெழுத்து வாங்கினால் போதும் என்று ஒரு வழி இருந்தது. கூட்டத்துக்கு ஆள் வந்தார்கள், ஆனால் அதில் ஜனநாயகக் கட்சிக்காரர்கள் இடத்தை அடைத்துக்கொண்டு உட்கார்ந்து கையெழுத்துப் போடாமல் எழுந்து போனார்கள். பென்சில்வேனியாவில் தேவை 25,697. நேடர் தரப்பு 51,000க்கு மேல் கொடுத்தது. நீதிமன்றங்களில் உட்கார்ந்து வரி வரியாகச் சல்லடை போட்டுச் சலித்தார்கள். மிக்கி மவுஸ் என்று எழுதியிருந்த வரிகளும் இருந்தன, அவற்றை அடித்ததில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் வாக்காளர் பட்டியலில் இருக்கும் முகவரியும் மனுவில் இருக்கும் முகவரியும் ஒத்துப்போகவில்லை என்று அடிபட்டவை ஏராளம், வாடகை வீடு மாறியவர்கள் எந்த ஊரில் இல்லை? கடைசியில் செல்லும் என்று மிஞ்சியது 18,818. பெயர் நீக்கம். அதோடு விடாமல் எதிர்த்தரப்பின் வழக்குச் செலவு 81,000 டாலருக்கு மேல் நேடரும் அவருடைய துணை வேட்பாளரும் கட்ட வேண்டும் என்று உத்தரவு. சில வருடங்கள் கழித்து வேறொரு ஊழல் விசாரணையில் வெளியே வந்தது என்னவென்றால், நேடரின் மனுக்களைச் சலித்த வேலையில் மாநிலச் சட்டமன்றத்தின் ஊழியர்கள், மக்கள் வரிப்பணத்தில் சம்பளம் வாங்கிக்கொண்டே ஈடுபட்டிருந்தார்கள் என்ற குற்றச்சாட்டு. தேர்தலில் நிற்க விண்ணப்பித்ததற்காக ஒருவருக்கு இப்படிப் பில் போடுவது எனக்குக் கொஞ்சமும் ஜீரணமாகவில்லை. பின்னாளில் கூட்டாட்சி நீதிமன்றங்களில் சிறு கட்சிகள் போராடியதில்தான் அங்கே அதிபர் வேட்பாளருக்கான எண்ணிக்கை 5,000 ஆகக் குறைந்தது.

2020இல் விஸ்கான்சினில் பாடகர் கான்யே வெஸ்ட்டுக்கான மனுவைக் கொண்டுவந்தவர்கள் மாலை ஐந்து மணிக்குக் கட்டடத்துக்குள் நுழைய 14 விநாடி தாமதம். ஐந்து மணிக்குள் என்றால் ஐந்து மணி ஒரு நிமிடம் ஆகும் வரை ஐந்து மணிதானே என்று வாதாடினார்கள், எடுபடவில்லை. அவரை அப்போது ஏற்றிவிடப் பார்த்ததில் குடியரசுக் கட்சிக்காரர்களின் கை இருந்தது, ஆக ஒருவரை வெளியே தள்ளுவதும் உள்ளே இழுப்பதும் இரண்டு கட்சிகளுக்கும் கைவந்த கலை. 2024இல் கென்னடிக்கு நியூயார்க்கில் ஆறு வாரத்தில் 45,000 கையெழுத்து. 2020 வரை அங்கே 15,000 இருந்தது, ஒரே சட்டத்திருத்தத்தில் மூன்று மடங்காக்கினார்கள். அவர் தரப்பு ஒரு லட்சத்துக்கும் மேல் கொடுத்தது. மனுவில் எழுதியிருந்த, கட்டோனா என்ற ஊரில் இருக்கிற வீட்டில் அவர் உண்மையில் குடியிருக்கவில்லை, ஒரு நண்பர் வீட்டின் அறைக்கு மாதம் 500 டாலர் வாடகை மட்டும் கொடுத்தார் என்று நீதிபதி முடிவு செய்தார். அத்தனை கையெழுத்தும் ஒரே தீர்ப்பில் போயிற்று. முகவரி விஷயத்தில் தவறு கென்னடியுடையது. அதற்குத் தண்டனை அவர் பக்கத்தில் போகட்டும், லட்சம் பேருடைய கையெழுத்து என்ன பாவம் செய்தது என்பதுதான் என் கேள்வி. டெக்சஸிலும் தேவைக்கு மேல் கொண்டுபோய்க் கொடுத்தார்கள், இடமும் கிடைத்தது, ஆகஸ்ட் 23 அன்று அவர் டிரம்பை ஆதரித்து ஒதுங்கியதும் பெயரை எடுத்துவிட்டார்கள். நூலக வாசலில் நின்ற அந்த அம்மாளை அன்றைக்கு நினைத்துக்கொண்டேன். இந்த வேலையில் ஏமாற்றம் எதிர்க்கட்சியிடமிருந்து மட்டும் வருவதில்லை, யாருக்காக நின்றார்களோ அவர்களிடமிருந்தும் வருகிறது.

கதவைத் திறந்துவிட்டால் கண்டவர்களும் வந்து சீட்டை நிரப்பிவிடுவார்கள் என்பதுதான் மாநிலங்கள் சொல்கிற வாதம். கொஞ்சம் தடை வேண்டும் என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் டென்னசியில் இன்றைக்கும் 275 கையெழுத்து போதும். கொலராடோவில் 2016இல் ஆயிரம் டாலர் கட்டினால் இடம் என்று இருந்தது, அந்த ஆண்டு அங்கே அதிபருக்கு 22 பேர் நின்றார்கள், எந்த வாக்காளரும் பெயர் தேடித் தொலைந்துபோகவில்லை, எண்ணிக்கையும் ஒழுங்காக முடிந்தது. மறுபக்கம் ஓக்லஹோமாவில் 2004, 2008, 2012 என்று மூன்று தேர்தல்களில் வாக்காளர் கையில் கிடைத்த சீட்டில் இரண்டே பெயர். இதில் எது குழப்பம், எது ஆபத்து என்று பார்த்தால் எனக்குச் சந்தேகமே இல்லை.

பெரோவின் கதையில் எனக்கு உறுத்துகிற இடமும் ஒன்று உண்டு. தன்னார்வலர்கள் இல்லாமல் அது நடந்திருக்காது, அவருடைய பணம் இல்லாமலும் நடந்திருக்காது. அந்தத் தேர்தலுக்கு அவர் கைக்காசு 6 கோடி டாலருக்கும் மேல் செலவழித்தார். ஐம்பது விதமான சட்டத்துக்கு ஐம்பது இடத்தில் வக்கீல், அலுவலகம், மனுத்தாள் அச்சு, முகவரி சரிபார்ப்பு. வெளியாளுக்கான வழி என்று சொல்லி இவ்வளவு பணம் கேட்டால் அந்த வழியில் வரக்கூடியவர் கோடீஸ்வரரோ பெரிய குடும்பத்துப் பிள்ளையோ பிரபலமோதான். ஒரு பள்ளி ஆசிரியையோ டிரக் ஓட்டுநரோ, எவ்வளவு நல்ல யோசனை வைத்திருந்தாலும், அரிசோனாவைத் தொட முடியாது. இந்தக் கதவுகளைப் பற்றி ரிச்சர்ட் விங்கர் என்பவர் சான் ஃபிரான்சிஸ்கோவிலிருந்து 1985 முதல் ஒரு செய்தி மடலே நடத்தி, மாநிலம் வாரியாகக் கணக்கு வைத்து, எத்தனையோ வழக்குகளில் சாட்சி சொல்லியிருக்கிறார். என்னைக் கேட்டால் அதிபர் தேர்தலுக்காவது நாடு முழுக்க ஒரே எண்ணிக்கை, ஒரே கெடு, வாங்கியதைச் சரிபார்ப்பது எதிர்க்கட்சி வக்கீல் இல்லாமல் மாநிலத் தேர்தல் அலுவலகம், பிரைமரியில் ஓட்டுப் போட்டவரும் கையெழுத்துப் போடலாம் என்ற நான்கு மாற்றம் வந்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

அது வருகிற வரைக்கும், இங்கே குடியுரிமை வாங்கி டல்லஸ் பக்கம் இருக்கிற நம் ஆட்களுக்கு ஒரு விஷயம். யாராவது கிளிப்போர்டோடு வந்தால் விலகிப் போய்விடாதீர்கள். மனுவில் கையெழுத்துப் போடுவது ஓட்டுப் போடுவது ஆகாது, நவம்பரில் உங்கள் ஓட்டு உங்களுடையதுதான், அவருக்கே போட வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. மார்ச் பிரைமரியில் ஓட்டுப் போட்டிருந்தால் மட்டும் போடாதீர்கள், உங்கள் கையெழுத்து செல்லாமல் போகும். ஒரே பதவிக்கு இரண்டு பேருடைய மனுவில் போடக் கூடாது. வாக்காளர் அட்டையில் என்ன முகவரி இருக்கிறதோ அதையே எழுதுங்கள், கவுண்டி கட்டத்தில் கவுண்டி பெயரை எழுதுங்கள், ஃபிரிஸ்கோ இரண்டு கவுண்டிகளில் இருக்கிறது, உங்கள் தெரு காலினா டென்டனா என்று பார்த்துவிட்டு எழுதுங்கள்.